யாருடைய மூதாதை?

இன்சூரன்ஸ் கம்பெனிகளின் பழைய மென்பொருளைக் கட்டி மேய்த்துப் பிழைக்கும் தமிழர்கள் கனெக்டிகட்டில் நிறையப் பேர் இருக்கிறோம். நானும் அதில் ஒருவன். நான் பிறப்பதற்கு முன்னால் யாரோ எழுதிவைத்துவிட்டுப் போன நிரல்களை இன்றைக்குப் படித்து, "இந்த மனுஷன் இதை ஏன் இப்படி எழுதினான்?" என்று தலையைச் சொறிவதுதான் வேலை. எழுதியவர் ஓய்வு பெற்றிருப்பார். சில சமயம் இறந்தே போயிருப்பார். ஆனால் அவர் எழுதிய வரி ஒவ்வொரு மாதமும் ஆயிரக்கணக்கானவர்களின் பிரீமியத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்.

இந்தத் தகுதியை நம்பித்தான் என் குழுவில் இருக்கும் மூத்த நண்பர் ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். "இந்தக் கையெழுத்து உனக்குப் புரியுதா பாரு."

அவர் இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த வெள்ளையர். இன்னும் ஒரு வருடத்தில் ஓய்வு. ஓய்வுக்கு முன்னால் தன் வம்சத்தைத் தோண்டி எடுத்துவிட வேண்டும் என்று இறங்கியிருந்தார். திரையில் இருந்தது 1832ஆம் வருடத்து மனு. பழுப்பேறிய தாள், சாய்வான எழுத்து, பாதி இடங்களில் மை பரவியிருந்தது. மனு போட்டவர் நண்பரின் நேர் மூதாதை. அமெரிக்கப் புரட்சிப் போரில் 1776இல் டைகோன்டெரோகா கோட்டையில் காவல் இருந்த சிப்பாய். போரிலிருந்து திரும்பி இறையியல் படித்து, கனெக்டிகட்டின் ஒரு சின்ன ஊரில் போதகராகிக் கடைசிவரை அங்கேயே இருந்தவர். அவர் பெயரை எழுத வேண்டாம் என்று நண்பர் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

இந்த மனுக்கள் விசித்திரமானவை. போர் முடிந்து அரை நூற்றாண்டு கழித்து, மிச்சமிருந்த முதியவர்களுக்குப் பென்ஷன் கொடுக்க 1832இல் ஒரு சட்டம் வந்தது. ஆறு மாதமாவது சேவை செய்திருக்க வேண்டும். ஆனால் அதை எப்படி நிரூபிப்பது? போர்த்துறை அலுவலகம் 1800 நவம்பரில் தீப்பிடித்து எரிந்ததில் பழைய பதிவேடுகள் போய்விட்டன. அதனால் எழுபது எண்பது வயதுக் கிழவர்கள் நீதிமன்றத்தில் வந்து நின்று, எந்தத் தளபதியின் கீழ், எந்த மாதம், எந்த ஊருக்கு நடந்து போனோம் என்று ஞாபகத்திலிருந்து சொன்னார்கள். குமாஸ்தா எழுதிக்கொண்டார். ஊரார் ஒருவரும் ஒரு போதகரும் "இவர் புரட்சியில் சண்டை போட்டவர் என்றுதான் ஊரில் பேச்சு" என்று சான்று சொல்ல வேண்டும். விதவைகள் மனுப்போட்டபோது கல்யாணத்துக்குச் சாட்சியாகக் குடும்ப பைபிளின் தாளையே கிழித்து அனுப்பியிருக்கிறார்கள். அப்படி சுமார் 80,000 கோப்புகள் வாஷிங்டன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒரு தேசம் தன் தொடக்கத்தைக் கிழவர்களின் ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதி வாங்கியிருக்கிறது.

நண்பரின் மூதாதை தானே போதகர் என்பதால், அவருக்கு இன்னொரு போதகர் சாட்சி சொல்லியிருந்தார். அதைப் படித்து இருவரும் சிரித்தோம்.

புரட்சியில் பங்கெடுத்தவர்களின் வாரிசுகளுக்கென்று இங்கே சங்கங்கள் இருக்கின்றன. ஆண்களுக்கானது 1889இல் தொடங்கியது, பெண்களுக்கானது அடுத்த வருடம். சேர வேண்டுமானால் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஆவணம் காட்ட வேண்டும். நண்பருக்கு அதில் சேர ஆசை. சிப்பாய், பிறகு போதகர். சுதந்திரமும் பக்தியும் ஒரே ஆளில். இதைவிட நல்ல மூதாதை யாருக்கு வாய்க்கும்?

இரண்டு வாரம் கழித்து அவர் 1790ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் பக்கத்தைக் கொண்டுவந்தார். அமெரிக்காவின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அது. அதில் வீட்டுத்தலைவருக்கு மட்டும்தான் பெயர் உண்டு. மற்றவர்கள் எல்லாம் எண்கள். பதினாறு வயதும் அதற்கு மேலும் ஆன வெள்ளை ஆண்கள், பதினாறுக்குக் கீழே உள்ள வெள்ளை ஆண்கள், வெள்ளைப் பெண்கள், மற்ற சுதந்திரமானவர்கள், கடைசியாக அடிமைகள். போதகரின் பெயருக்கு நேரே கடைசிப் பத்தியில் 1 என்று இருந்தது.

"வீட்டு வேலைக்கு யாராவது இருந்திருப்பாங்க," என்றார் நண்பர். பிறகு பத்தியின் தலைப்பை அவரே இன்னொரு தடவை பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தக் காலம் அப்படி" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. மேலே போவதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும்: எனக்கு அந்த வாக்கியம் நன்றாகத் தெரியும். என் வீட்டிலேயே கேட்டு வளர்ந்தது. எங்கள் கொள்ளுத்தாத்தா ஊருக்குக் குளம் வெட்டினார் என்பது எங்கள் குடும்பத்தின் ஒரே பெருமை. கல்யாணம், கருமாதி எதுவானாலும் யாராவது ஒருவர் அதைச் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டார்கள். "வெட்டினார்." தமிழ் எவ்வளவு தாராளமான மொழி பாருங்கள். மண்வெட்டியைக் கையால் தொடாதவர் குளம் வெட்டலாம், கோயில் கட்டலாம், கிணறு தோண்டலாம். உண்மையில் வெட்டியவர்கள் வினைச்சொல்லுக்குள்ளேயே காணாமல் போய்விடுவார்கள். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் அப்பாவிடம், "வெட்டினவங்க பேரெல்லாம் தெரியுமாப்பா?" என்று கேட்டேன். "பண்ணையாளுங்கடா" என்றார். அது பெயரில்லை, எண் என்று அப்போது தோன்றவில்லை.

நண்பரின் வாக்கியத்துக்கு வருகிறேன். அந்தக் காலம் அப்படி என்பதை நேர்மையாகவே எடுத்துப் பரிசீலிக்க வேண்டும். 1790இல் கனெக்டிகட்டில் இரண்டாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகள் இருந்தார்கள். அங்கே போதகர்கள் வீட்டில் அடிமை இருந்தது அபூர்வமான விஷயம் இல்லை. 1784இல் மாநிலம் ஒரு சட்டம் போட்டது. அந்த வருடம் மார்ச்சுக்குப் பிறகு அடிமைத் தாய்க்குப் பிறக்கும் குழந்தைக்கு 25 வயதில் விடுதலை. அதற்கு முன் பிறந்தவர்களுக்கு அதுவும் இல்லை. முழு ஒழிப்பு 1848இல்தான். பக்கத்து மாசசூசெட்ஸோ 1790 கணக்கெடுப்பிலேயே கடைசிப் பத்தியில் பூஜ்யம் காட்டியது. ஆக, "அந்தக் காலம்" எல்லையைத் தாண்டினால் வேறு மாதிரி இருந்திருக்கிறது.

இதைவிட முக்கியமான சிக்கல் ஒன்று உண்டு. "அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்" என்று சொல்லும்போது அந்த "எல்லோரும்" யார்? 1779இல் ஸ்ட்ராட்ஃபோர்டு, ஃபேர்ஃபீல்டு ஊர்களின் அடிமைகள் கனெக்டிகட் சட்டமன்றத்துக்கு மனுப் போட்டார்கள், எங்களையும் விடுவியுங்கள் என்று. அவர்களும் அந்தக் காலத்தில்தான் இருந்தார்கள். ஒரு காலத்தின் கருத்தை எண்ணும்போது எசமானர்களை மட்டும் எண்ணிவிட்டு அதற்குக் "காலம்" என்று பெயர் வைத்துவிடுகிறோம். கடைசிப் பத்தியில் இருந்த அந்த ஒருவரிடம் கேட்டிருந்தால், அந்த வீட்டுக்குள்ளேயே கருத்து ஒருமித்ததாக இருந்திருக்காது.

அந்த வாரக் கடைசியில் நான் லெமுவேல் ஹெய்ன்ஸ் பற்றித் தேட ஆரம்பித்தேன். அவர் பெயர் எனக்குக் கொஞ்சம் பழக்கம், காரணம் அவர் பிறந்தது நான் குடியிருக்கும் மேற்கு ஹார்ட்ஃபோர்டில். நண்பரின் மூதாதை மாதிரியே 1776இல் டைகோன்டெரோகாவில் காவல் இருந்த சிப்பாய். அவரும் பிறகு போதகரானார். அதே காங்கிரிகேஷனல் சபை. வயதும் ஏறத்தாழ ஒன்று. இரண்டு பேரும் கோட்டை மதிலில் ஒருவரை ஒருவர் பார்த்திருக்கக்கூட வாய்ப்பு உண்டு.

ஹெய்ன்ஸ் பிறந்தது 1753 ஜூலையில். தந்தை ஆப்பிரிக்கர், தாய் வெள்ளைப் பெண். இருவரின் பெயரும் நிச்சயமாகப் பதிவாகவில்லை. ஐந்து மாதக் குழந்தையை மாசசூசெட்ஸின் கிரான்வில்லில் டேவிட் ரோஸ் என்ற டீக்கன் வீட்டுக்கு ஒப்பந்த வேலைக்காரனாகக் கொடுத்துவிட்டார்கள். 21 வயதுவரை அங்கே உழைக்க வேண்டும். அம்மா திரும்பி வரவில்லை. பிற்பாடு ஒருமுறை பக்கத்து ஊரில் உறவினர் வீட்டில் அவளைத் தற்செயலாகப் பார்த்ததாகவும், அவள் நழுவிப் போகப் பார்த்ததாகவும், இவர் துரத்திப் பிடித்துக் கடுமையாகப் பேசிவிட்டதாகவும் அவருடைய முதல் வாழ்க்கை வரலாறு சொல்கிறது. நல்ல போதகரின் வாழ்க்கை வரலாற்றில் வழக்கமாக வராத காட்சி. அவர் மன்னித்தார் என்று எழுதாமல் விட்டதற்காகவே அந்தப் புத்தகத்தை நம்பத் தோன்றுகிறது.

ரோஸ் குடும்பம் அவரைப் பரிவோடு வளர்த்தது. காடு வெட்டி விவசாயம் செய்யும் வீடு. பகல் முழுக்க வேலை, ராத்திரி அடுப்பு வெளிச்சத்தில் படிப்பு. சனிக்கிழமை மாலைகளில் டீக்கனின் வீட்டில் அச்சான பிரசங்கம் ஒன்றை வாசிப்பது வழக்கம், வாசிப்பது லெமுவேல். ஒருநாள் தான் எழுதிய பிரசங்கத்தை நடுவில் சொருகி வாசித்துவிட்டார். டீக்கனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "இது யாருடையது? வொயிட்ஃபீல்டா?" என்று கேட்டார். "இல்லை, லெமுவேலுடையது" என்றாராம் பையன்.

1774இல் ஒப்பந்தம் முடிந்தது. உடனே மினிட்மேன் படையில் சேர்ந்தார், அதாவது கூப்பிட்ட நிமிடத்தில் துப்பாக்கியோடு கிளம்ப வேண்டிய ஊர்ப்படை. 1775இல் லெக்ஸிங்டன் சண்டைக்குப் பிறகு பாஸ்டன் முற்றுகைக்குப் போனார். அடுத்த ஆண்டு டைகோன்டெரோகா. அங்கே டைஃபஸ் காய்ச்சல் வந்து ஊர் திரும்பினார். அந்த நாட்களில்தான் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். 'மேலும் நீட்டிக்கப்பட்ட சுதந்திரம்' என்று தலைப்பை மொழிபெயர்க்கலாம். சுதந்திரப் பிரகடனம் வெளியாகிக் கொஞ்ச நாளே ஆகியிருந்தது. மனிதர் எல்லோரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்ற அதன் பிரபலமான பகுதியைக் கட்டுரையின் முகப்பிலேயே வைத்தார். அதே வாதத்தைப் பிடித்துக்கொண்டு அடிமை முறையை அடித்தார். சுதந்திரம் கடவுள் கொடுத்தது என்றால், வெள்ளையனுக்கு எவ்வளவு அருமையோ கறுப்பனுக்கும் அவ்வளவே. பைபிளில் வரும் காமின் சாபத்தைக் காட்டி அடிமை முறையை நியாயப்படுத்தியவர்களுக்கும் பதில் சொன்னார். அப்போது அவருக்கு இருபத்துமூன்று வயதுக்குப் பக்கம். கல்லூரி வாசலை மிதிக்காதவர்.

பிறகு பக்கத்துப் போதகர்களிடம் லத்தீனும் கிரேக்கமும் கற்றார். 1780இல் பிரசங்கிக்க அனுமதி, 1785இல் முறைப்படி குருப்பட்டம். அமெரிக்காவின் பெரிய புராட்டஸ்டன்ட் சபை ஒன்றில் அப்படிப் பட்டம் பெற்ற முதல் கறுப்பர் என்று அவரைச் சொல்கிறார்கள். எலிசபெத் பாபிட் என்ற வெள்ளைப் பள்ளி ஆசிரியையை மணந்தார். திருமணப் பேச்சை எடுத்தது அந்தப் பெண்தான். பத்துக் குழந்தைகள். 1788இல் வெர்மான்ட்டின் மேற்கு ரட்லண்டுக்குப் போய், அனேகமாக முழுக்க வெள்ளையர்களே இருந்த சபைக்கு முப்பது ஆண்டுகள் போதகராக இருந்தார்.

அந்த வாழ்க்கை சுகமாக இருந்திருக்கும் என்று நினைக்க வேண்டாம். டாரிங்டனில் இவர் பிரசங்கிக்கும்போது ஒருவன் வேண்டுமென்றே தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரத்தில் கழற்றிவிட்டான். நான் பார்த்ததிலேயே மிக வெள்ளையான மனிதர் அவர் என்று தோன்றிவிட்டது என்று பிற்பாடு சொன்னானாம். பாராட்டுவதற்குக்கூட அவனிடம் அந்த ஒரு நிறம்தான் இருந்தது. 1818இல் ரட்லண்ட் சபை அவரை அனுப்பிவிட்டது. அரசியல் காரணம் இருந்தது, 1812 போரை அவர் வெளிப்படையாக எதிர்த்தவர். ஆனால் அவர் சொன்னதாக ஒரு பேச்சு உலவுகிறது: ரட்லண்ட்காரர்கள் ரொம்பக் கெட்டிக்காரர்கள், நான் கறுப்பன் என்பதை முப்பதே வருடத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை நண்பரிடம் ஹெய்ன்ஸ் கதையைச் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். கடைசியில், "அப்ப என் ஆள் கெட்டவர்னு சொல்ல வர்றியா?" என்றார்.

நியாயமான கேள்வி. அதற்கு நான் தந்த பதில் எனக்கே திருப்தியாக இல்லை. எங்கள் தொழிலில் ஒரு கட்டளை உண்டு. ஒரு நிரலின் ஒவ்வொரு வரியையும் யார் எழுதினார் என்று காட்டும். அதன் பெயர் 'பிளேம்', பழி. எவனோ எழுதிய பிழைக்காக நடுராத்திரி இரண்டு மணிக்கு எனக்கு போன் வரும். நான் எழுதவில்லை என்று சொல்லிவிட்டுப் படுக்க முடியாது. குற்றம் என்னுடையதில்லை, பொறுப்பு என்னுடையது. மூதாதைகள் விஷயத்திலும் இப்படித்தான் என்று அவரிடம் சொன்னேன். அவர் கேட்டார்: "சரி. ஆனா நல்லா எழுதின வரிக்கு உனக்கு போனஸ் வருதா?"

மடக்கிவிட்டார். இருநூறு வருடத்துக்கு முந்தைய அடிமைக்கு நான் குற்றவாளி இல்லை என்றால், இருநூறு வருடத்துக்கு முந்தைய டைகோன்டெரோகாவுக்கு மட்டும் நான் எப்படிப் பெருமைப்பட முடியும்? ஒரே வாசல் வழியாகத்தான் இரண்டும் வருகின்றன. சங்கத்துக்கான விண்ணப்பத்தை அப்படியே எடுத்துக்கொண்டால், அது பெருமையை மட்டும் உள்ளே விட்டுக் கடனை வெளியே நிறுத்தும் காகிதம். என் வீட்டுக் குளமும் அப்படியே. குளத்தின் பெருமையை நான் வாங்கிக்கொள்வதானால், வெட்டியவர்களின் பாக்கிக் கூலிக் கணக்கையும் சேர்த்துத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டையும் வேண்டாம் என்று தள்ளிவிடுவதும் ஒரு வழிதான். தர்க்கத்துக்குச் சுத்தமான வழி. ஆனால் குளம் வெட்டிய கொள்ளுத்தாத்தாவின் நிலத்தை விற்ற பணத்தில்தான் என் அப்பா படித்தார், அதனால்தான் நான் படித்தேன், அதனால்தான் இந்த ஊரில் உட்கார்ந்து தர்க்கம் பேசுகிறேன். சொத்து வந்துகொண்டே இருக்கும்போது உறவு மட்டும் முடிந்துவிட்டது என்று சொல்வது கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாகப் படுகிறது.

ஹெய்ன்ஸ் எனக்கு உதவியது இந்த இடத்தில்தான், அவருக்கு மூதாதைகளே கிடையாது என்பதால். அப்பா பெயர் தெரியாது, அம்மா ஓடி ஒளிந்தாள். நண்பர் சேர விரும்பிய சங்கத்தின் கேள்விகளை மேல்நோக்கி ஒரு தலைமுறைக்குக்கூட அவரால் நிரப்ப முடிந்திருக்காது. ஆனாலும் அவருக்கு மூதாதைகள் இருந்தார்கள், அவராகவே வைத்துக்கொண்டவர்கள். இறையியலில் அவர் ஜானதன் எட்வர்ட்ஸின் வழி வந்தவர். அந்த எட்வர்ட்ஸ் 1731இல் நியூபோர்ட்டில் வீனஸ் என்ற சிறுமியை 80 பவுண்டுக்கு வாங்கியவர், ரசீது இருக்கிறது. டீக்கன் வீட்டில் வாசிக்கப்பட்ட வொயிட்ஃபீல்டு, ஜார்ஜியாவில் அடிமை முறையை அனுமதிக்க வேண்டும் என்று வாதாடியவர். 1751இல் அது அனுமதிக்கவும் பட்டது. கட்டுரையின் முகப்பில் வைத்த வரியை எழுதிய ஜெஃபர்சனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தன் கையிலிருந்த நல்ல கருவிகள் எல்லாமே தன்னைப் போன்றவர்களை விலைக்கு வாங்கியவர்களிடமிருந்து வந்தவை.

அவர் அவற்றைத் தூக்கி எறியவில்லை. அவர்களைப் புனிதர்களாக்கி வணங்கிக்கொண்டும் இருக்கவில்லை. நீங்கள் சொன்னது சரி என்றால் அது இன்னும் தூரம் போக வேண்டுமே என்றார். 'மேலும்' என்று தலைப்பில் இருக்கும் சொல் அதுதான். அவர் எட்வர்ட்ஸின் பேரப்பிள்ளைகளைவிடப் பெரிய வாரிசு என்று எனக்குப் படுகிறது, ஏனென்றால் அவர் வாங்கியதோடு நிற்காமல் கணக்கைத் தொடர்ந்து எழுதினார்.

இங்கே ஒரு முள் இருக்கிறது. மறைத்தால் நானும் சங்க விண்ணப்பத்தைப் போலத்தான் நடந்துகொள்கிறேன். அந்தக் கட்டுரையை ஹெய்ன்ஸ் அச்சேற்றவில்லை. அது கையெழுத்துப் பிரதியாகவே கிடந்து, ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்து, ரூத் போகின் என்ற வரலாற்றாய்வாளர் மூலம் 1983இல்தான் அச்சில் வந்தது. இருநூறு வருடத்துக்கு மேல். ஹெய்ன்ஸ் இறந்து நான்கு வருடத்தில், 1837இல், டிமோத்தி மேதர் கூலி எழுதிய வாழ்க்கை வரலாற்றில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. வாழ்நாளில் ஹெய்ன்ஸைப் பிரபலமாக்கியது 1805இல் எல்லோருக்கும் மீட்பு உண்டு என்ற ஹோசியா பாலூவைக் கேலி செய்து பேசிய பிரசங்கம். பதிப்பு மேல் பதிப்பாக வந்தது. 1801இல் குடியரசைப் பற்றிய ஒரு உரையில், ஆப்பிரிக்கர்களின் நிலைக்குக் காரணம் கடவுளின் படைப்பு இல்லை, அடிமைத்தனம்தான் என்று சொல்லியிருக்கிறார். 1814இல் மறுபடி தொட்டிருக்கிறார். ஆனாலும் முப்பது வருடப் பிரசங்க மேடைக்கு இது குறைவு.

பயந்தாரா? வெள்ளைச் சபை, வெள்ளை மனைவி, பத்துக் குழந்தைகள், சம்பளம். அவரைக் கோழை என்று எழுதிவிடலாம், எளிது. ஆனால் அச்சில் இல்லாதது பேசப்படவில்லை என்று ஆகாது. எங்கள் தொழிலில் பதிவேட்டில் பிழைச்செய்தி எதுவும் இல்லையென்றால், ஒன்று பிழை நடக்கவில்லை, இல்லை பதிவெழுதும் நிரலே செத்துக் கிடக்கிறது என்று அர்த்தம்.

இல்லாததைச் சாட்சியாக்கினால் என்ன ஆகும் என்பதை ஹெய்ன்ஸே பக்கத்திலிருந்து பார்த்தவர். ரட்லண்டிலிருந்து போன பிறகு வெர்மான்ட்டின் மான்செஸ்டரில் அவர் போதகராக இருந்தபோது, ஸ்டீபன் பூர்ன், ஜெஸ்ஸி பூர்ன் என்ற சகோதரர்கள்மேல் கொலை வழக்கு வந்தது. செத்ததாகச் சொல்லப்பட்டவர் அவர்களுடைய சகோதரியின் கணவர் ரஸ்ஸல் கோல்வின். 1812இல் காணாமல் போனவர். பிணம் கிடையாது. மாமா ஒருவரின் கனவில் கோல்வின் வந்து தான் கொல்லப்பட்டதாகச் சொன்னார் என்பதில் விசாரணை கிளம்பியது. சிறையில் நெருக்கியதில் சகோதரர்கள் ஒப்புக்கொண்டார்கள். இருவருக்கும் தூக்கு, ஜெஸ்ஸிக்கு மட்டும் பிற்பாடு ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. 1820 ஜனவரி 28 அன்று ஸ்டீபனைத் தூக்கிலிட வேண்டும். ஹெய்ன்ஸ் சிறைக்குப் போய்ப் போய்ப் பேசி, இவன் நிரபராதி என்ற முடிவுக்கு வந்தார். 1819 டிசம்பரில் நியூ ஜெர்சியிலிருந்து கோல்வின் உயிரோடு மான்செஸ்டருக்கு வந்து இறங்கினார். அந்தக் கதையை ஹெய்ன்ஸ் புத்தகமாகவே போட்டார். ஊரே ஒரு வெற்றிடத்தைப் பார்த்துக் கொலை என்று படித்திருந்தது.

நான் ஹெய்ன்ஸின் மௌனத்தைக் கோழைத்தனம் என்று படிக்கக் கூசுவது இதனால்தான். ஆனால் அதே நியாயத்தை நண்பரின் மூதாதைக்கும் கொடுக்க வேண்டும் அல்லவா? கொடுத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. ஹெய்ன்ஸ் விஷயத்தில் இருப்பது ஒரு வெற்றிடம். போதகர் விஷயத்தில் இருப்பது ஒரு எண்.

ஹெய்ன்ஸுக்கு 1804இல் மிடில்பரி கல்லூரி கௌரவ முதுகலைப் பட்டம் கொடுத்தது. அதைப் படித்தபோது அந்தக் கல்லூரியின் பெயரை வேறெங்கோ பார்த்தோமே என்று உறுத்திக்கொண்டே இருந்தது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஞாபகம் வந்தது. வெர்மான்ட்காரரான மிரன் வின்ஸ்லோ 1815இல் பட்டம் வாங்கியது அங்கேதான். 1819இல் கப்பலேறி யாழ்ப்பாணம் போய், பிறகு சென்னையில் தங்கி, 67,000க்கும் மேற்பட்ட சொற்களோடு 1862இல் தமிழ் ஆங்கில அகராதியை வெளியிட்ட அதே வின்ஸ்லோ. அவரை அனுப்பிய அமெரிக்க மிஷன் இயக்கம் எட்வர்ட்ஸ் வழிவந்த அதே இறையியலிலிருந்து முளைத்தது. ஆக, கறுப்பருக்கு முதல் கௌரவப் பட்டம் தந்த கல்லூரியிலிருந்து வந்தவரின் அகராதியில்தான் நான் வாரம் ஒருமுறையாவது சொல் தேடுகிறேன். அந்த அகராதிக்காகக் கையெழுத்துப் பிரதிகளைப் புரட்டிச் சொல் திரட்டிய தமிழ்ப் பண்டிதர்கள் இருந்தார்கள். முதுகுப்பட்டையில் இருப்பதோ வின்ஸ்லோ என்ற ஒரு பெயர். குளம் வெட்டினார், அகராதி தொகுத்தார்.

அன்று ராத்திரி அப்பாவுக்கு போன் செய்தேன். "குளம் வெட்டினவங்க குடும்பம் யாராவது இப்ப ஊர்ல இருக்காங்களாப்பா?" கொஞ்ச நேரம் பேச்சில்லை. "எதுக்குடா இப்ப அதெல்லாம்?" என்றார். பிறகு அவராகவே, "கீழத்தெருவுல ரெண்டு மூணு வீடு இருக்கும். உங்க பெரியப்பாவுக்குத் தெரியும். கேட்டுச் சொல்றேன்" என்றார். இன்னும் கேட்டுச் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

நண்பர் என்னைவிடப் பரவாயில்லை. விண்ணப்பத்தை அவர் இன்னும் அனுப்பவில்லை. அந்த ஊர்ச் சபையின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைத் தேடிக்கொண்டிருக்கிறார். கிளம்பினது சிப்பாயைத் தேடி, இப்போது தேடுவது கடைசிப் பத்தியில் இருந்தவரை. போன வாரம் மறுபடி மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். வம்சாவளி மென்பொருளில் போதகரின் வீட்டுக்குக் கீழே இன்னொரு ஆளைச் சேர்க்கப் பார்த்திருக்கிறார். மனைவியா, பிள்ளையா, பெற்றோரா என்று அது கேட்டிருக்கிறது. உறவு எதுவும் சொல்லாமல் தனி ஆளாகச் சேர்க்கலாம், நான்தான் காட்டிக்கொடுத்தேன். அடுத்து பெயர் கேட்டது. காலியாக விட்டார். ஆணா, பெண்ணா என்று கேட்டது. 1790 கணக்கெடுப்பில் வெள்ளையர்களுக்குத்தான் அந்தப் பிரிவு உண்டு. கடைசிப் பத்தியில் அதுவும் கிடையாது, வயதும் கிடையாது.

நண்பர் 'தெரியவில்லை' என்பதைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தார். போதகரின் மரத்துக்குப் பக்கத்தில், எந்தக் கோட்டோடும் சேராமல், ஒரு சாம்பல் நிறச் சதுரம் வந்து நின்றது.

"இதை எங்க கொண்டு போய் ஒட்டறது?" என்று என்னைக் கேட்டார்.